தும்மல் வராத மிளகாய்த்தூள்

அவ்வளவு தள்ளி உக்காரவேண்டாம் தம்பி, நல்லா சாஞ்சு உக்காருங்க. மடியில இருக்கிறது மிளகாய்த்தூள்தான். நீங்க மூக்கைப் பொத்துனதப் பாத்தேன். பயப்படாதீங்க, இது தும்ம வைக்காது. இதுக்கு அந்த யோக்கியதை கிடையாது. வேணும்னா பொட்டலத்துக்கிட்ட வந்து மோந்து பாருங்க. ஒண்ணும் ஆகலைல்ல? இதெல்லாம் ஒரு தூளு. இதைச் சுமந்துக்கிட்டு விருதுநகர்ல பஸ் ஏறி கோயமுத்தூர் வரைக்கும் போறேன் பாருங்க, என் தலையெழுத்து.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. வன்னியராஜன்னு பேரு. விருதுநகர்ல நாப்பது வருஷம் மிளகா வத்தல் கமிஷன் மண்டி நடத்துனவன். ஒரு வத்தலை ஒடிச்சு மோந்தேன்னா அது முதுகுளத்தூர் கரிசல்ல வெளஞ்சதா விளாத்திகுளத்துலயான்னு சொல்லுவேன். மழைக்கு முன்னாடி பறிச்சதா, பின்னாடி பறிச்சதான்னும் சொல்லுவேன். மெட்ராஸ்காரன், பம்பாய்க்காரன் எல்லாம் அண்ணாச்சி சொன்னா சரிதான்னு மூட்டையைப் பிரிக்காம எடுத்துட்டுப் போவான். அப்பேர்ப்பட்ட எங்கிட்ட ஒரு வெள்ளைக்காரி கேள்வி கேக்கா. வெளிய இருந்து வந்தவ இல்ல, என் மருமகதான்.

என்ன கேட்டான்னு கேளுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை என் சம்சாரம் ராஜகனிக்கு மொத வருஷம் திரும்புது. படையல் போடணும். செத்தவங்களுக்குப் பிடிச்சத எல்லாம் சமைச்சு இலையில வைக்கிறதுதான நம்ம வழக்கம்? "மாமா, அத்தைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" அப்படின்னு கேட்டா. அவ்வளவுதான் கேள்வி. இதுக்குப் போயி ஒரு மனுஷன் கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறுவானான்னு நீங்க கேப்பீங்க. கேட்ட நேரம் அப்படி, கேட்ட விதம் அப்படி.

மொதல்லேர்ந்து சொல்றேன். மதுரை தாண்டட்டும், நேரம் கிடக்கு.

என் மகன் கதிரேசன் இஞ்சின் சாமான் கம்பெனியில வேலைன்னு ஹங்கேரிக்குப் போனான். ஹங்கேரி எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது, தேடிப் பாக்கவும் இல்ல. போனவன் சம்பளத்தோட ஒரு பொண்ணையும் சேத்துக் கொண்டுவந்தான். பேரு இல்டிகோ. வீட்ல இல்டின்னு கூப்பிடுவோம். கோயமுத்தூர்ல வீடு பாத்து அஞ்சு வருஷமாச்சு. நோரான்னு ஒரு பேத்தி, ஆறு வயசு. நல்ல பொண்ணுதான் மருமக, இல்லேங்கல. தமிழ் படிச்சுக்கிட்டா, சேலை கட்டுவா, மாமான்னுதான் கூப்பிடுவா. ஆனா சமையக்கட்டுல விட்டீங்கன்னா போச்சு.

என்னத்தச் சமைப்பான்னு கேளுங்க. ஒருநாள் ரசம்னு ஒண்ணு குடுத்தா தம்பி. ஜில்லுனு இருக்கு. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பழ ரசம், உள்ள செர்ரிப்பழம் மெதக்குது, சீனி வேற. யாருக்காவது காய்ச்சலான்னு கேட்டேன். இல்ல மாமா, வெயிலுக்கு எங்க ஊர்ல இதுதான் மொதல்ல குடிப்போம்ங்கா. இன்னொரு நாள் மக்ரோனியை வேக வச்சு, மேல கசகசாவையும் சீனியையும் அரைச்சுத் தூவிக் குடுக்கா. கசகசாவை நாம குருமாவுக்கு ஒரு சிட்டிகை போடவே யோசிப்போம். இவ கையால அள்ளிப் போடுதா. உருளைக்கிழங்கையும் முட்டையையும் வட்ட வட்டமா அறுத்து, அடுக்கு அடுக்கா வச்சு, நடுவுல புளிச்ச பாலாடைய ஊத்தி அடுப்புல வேக வைப்பா. வெளிய எடுத்தா பாக்க அழகாத்தான் இருக்கும். வாயில வச்சா உப்பு ஒண்ணுதான் ஆறுதல். என் மகன் தட்டை வழிச்சுச் சாப்பிடுவான். அஞ்சு வயசுலயே நம்ம ஊரு காரமான முண்டு வத்தலைக் கடிச்சுக்கிட்டு கூழ் குடிச்ச பய. நாக்கு எப்படிக் கெட்டுப்போகுதுன்னு பாருங்க.

இதெல்லாம் வாரநாளு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பெரிய கூத்து. எல்லாரும் ஒண்ணா மேஜையில உக்காரணும். டிவி கிடையாது, போனு கிடையாது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. அதுகூடப் பரவாயில்ல. சமைச்சவளும் கூட உக்காந்து சாப்பிடுவா. அப்ப பரிமாறுறது யாரு? சட்டியை நடுவுல வச்சிருவா, வேணுங்கிறவன் வேணுங்கிறத எடுத்துக்கணும். ஆஸ்டல் தோத்துது. நான் எம்பொண்டாட்டி கையால பரிமாறித்தான் முப்பத்தாறு வருஷம் சாப்பிட்டவன். ஒருநாள் ஒருபொழுது அவ எங்கூட உக்காந்ததில்ல. அதுதான மரியாதை?

அந்த ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒரு குழம்பு. பாப்ரிகாஷ்னு பேரு. கோழியை வெங்காயத்தோட வதக்கி, செவப்பா ஒரு தூளை நாலு கரண்டி கொட்டுவா. மொத தடவை பாக்கும்போது எனக்கே பகீர்ன்னுச்சு. நாலு கரண்டி மிளகாத்தூளுன்னா மனுஷன் பொழைப்பானா? அப்புறம் அதே புளிச்ச பாலாடை. சோத்துக்குப் பதிலா என்னன்னா, மாவைக் கரைச்சு, நம்ம பூந்திக் கரண்டியில தேச்சு, கொதிக்கிற தண்ணியில சொட்டு சொட்டா விழ வைப்பா. அது உருண்டு உருண்டு மேல மெதக்கும். அதை வடிச்சு வெண்ணெய் போட்டு, மேல இந்தச் செவப்புக் குழம்பை ஊத்துவா.

வாயில வச்சேன். ஒண்ணுமே இல்ல தம்பி. நெறம் இருக்கு, வாசம்னு ஏதோ ஒண்ணு இருக்கு, காரம் மட்டும் துளி கிடையாது. என்னம்மா இதுன்னு கேட்டா, மிளகாய்தான் மாமா, எங்க அம்மா தோட்டத்துலேர்ந்து, அவங்களே அரைச்சதுன்னு தகர டப்பாவைக் காட்டுறா. வருஷத்துக்கு ஒரு டப்பா வரும். யாராவது ஊர்லேர்ந்து வர்றப்ப குடுத்து விடுவாங்களாம், அடுத்த டப்பா வர்ற வரைக்கும் அளந்து அளந்து போடணுமாம். போன்ல படமும் காட்டுனா. அவ அம்மா தோட்டத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு சின்னக் கத்தியால ஒவ்வொரு பழத்தையும் கீறி, விதையைத் தட்டிட்டு, உள்ள இருக்கிற நரம்பையும் சீவி எடுக்கா. எனக்கு வந்துச்சே சிரிப்பு. மிளகாய்க்கு உசுரே அந்த நரம்புலதான் இருக்கு. அதை எடுத்துட்டா அப்புறம் என்னத்துக்கு மிளகாய்? சம்பந்தியம்மா நல்லா வேலை பாக்காங்கன்னு சொன்னேன். நான் கேலி பண்றது அவளுக்குப் புரியல. நன்றி மாமாங்கா.

என் சம்சாரம் கடைசி அஞ்சு மாசம் அங்கதான் இருந்தா. வயித்துல நோவு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிதான் சரின்னு மகன் கூட்டிக்கிட்டுப் போயிட்டான், நானும் மண்டியை மூடிட்டுப் போயிட்டேன். மருமக அவளையும் மேஜையில உக்கார வச்சுட்டா. வேண்டாம்மா, நான் பெறகு சாப்பிடுதேன்னு அவ நெளியிறா. இவ விடல. சின்னப் பிள்ளையைக் கூட்டியாற மாதிரி கையைப் பிடிச்சு என் எதுத்தாப்புலயே உக்கார வச்சா. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அவ சாப்பிடுறத நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லன்னு வச்சுக்கிடுங்க. சரி, சீக்காளின்னு விட்டுட்டேன்.

அவ போயிட்டா. அதுக்கப்புறமும் நான் மகன் வீட்லதான் இருக்கேன். எங்க போறது?

போன ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஒரு வருஷமா உப்புச்சப்பில்லாம தின்னு தின்னு எனக்கு வெறுத்துப்போச்சு. மத்தியானம் எல்லாரும் தூங்குனாங்க. எங்கிட்ட முண்டு வத்தல் தூளு ஒரு டப்பா இருக்கு, எனக்குன்னு தனியா வச்சுக்கிட்டது. போனேன். அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். அரை டப்பா கிடந்துச்சு. மூணு கரண்டி நம்ம தூளைப் போட்டு நல்லா கலக்கி மூடிட்டேன். திருட்டுன்னா நெனைக்கீங்க? திருத்தம் தம்பி. நெறம் பாத்தா வித்தியாசமே தெரியல. நாப்பது வருஷத் தொழிலாச்சே.

ஏழு மணிக்கு எல்லாரும் உக்காந்தோம். பேத்தி மொத வாய் வச்சுச்சு, அழ ஆரம்பிச்சுது. மகன் தண்ணியைத் தேடுறான். எனக்கு அன்னிக்குத்தான் அந்த வீட்ல மிளகாய் வாசமே வந்துச்சு. நல்லாருக்கும்மா இன்னிக்குன்னு சொன்னேன். மருமக ஒரு வாய் சாப்பிட்டா. என்னைப் பாத்தா. எந்திரிச்சுப் போயி பேத்திக்குத் தயிரும் சோறும் பிசைஞ்சு குடுத்தா. அப்புறம் அந்த டப்பாவை எடுத்துட்டு வந்து என் முன்னாடி மேஜையில வச்சா. மூடிக்கூட திறக்கல. முகமெல்லாம் செவந்து, கண்ணுல தண்ணி. காரத்துலதான்னு நெனச்சுக்கிட்டேன்.

சண்டை போட்டிருந்தா பரவாயில்ல. நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் படுத்திருப்பேன். அவ மெதுவா, "மாமா, அடுத்த ஞாயிறு அத்தைக்கு இலை போடணும். அத்தைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? நான் செய்யணும்" அப்படிங்கா.

இது ஒரு கேள்வியா? எனக்குப் பிடிச்சதுதான் அவளுக்கும் பிடிக்கும்னு சொன்னேன். "என்னென்ன மாமா?" மட்டன் சுக்கா எழுதிக்கோ, கருவாட்டுத் தொக்கு எழுதிக்கோ, நல்லா எண்ணெய் மெதக்க காரக்குழம்பு எழுதிக்கோன்னேன். அவ எழுதல. "இதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சது. அத்தைக்கு?" அப்படின்னு மறுபடியும் அதையே கேக்கா. மகனைப் பாத்தேன். அவன் தட்டைப் பாத்துக்கிட்டு இருக்கான். பேத்தி கையில தயிர்சோத்தோட என் வாயையே பாக்குது. அந்தப் பிள்ளைகிட்ட, உங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா தூக்கத்துல எழுப்புனாலும் சொல்லும். அவங்க வீட்டுப் பழக்கம் அப்படி. பிறந்தநாள்னா அவங்கவங்களுக்குப் பிடிச்சதுதான் சமைப்பாங்க, வீட்ல எல்லாருக்கும் எல்லாரோடதும் தெரியும்.

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. எம்பொண்டாட்டியைப் பத்தி என்கிட்டயே விசாரணையான்னு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். மத்தவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல. அந்த மேஜையில பாதியில விட்டுட்டுப் போன மொத ஆளு நான்தான். செவ்வாய்க்கிழமை காலையில ஊர்ல ஒரு வேலை இருக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

என்ன வேலை? ஒரு வேலையும் இல்ல. என் கொழுந்தியா செல்வகனி விருதுநகர்லதான் இருக்கா, என் சம்சாரத்தோட தங்கச்சி. அவகிட்ட கேட்டு, ஒரு பட்டியலா எழுதி வாங்கிட்டு வந்து மருமக மூஞ்சியில வீசணும்னுதான் போனேன். உள்ள போயி தண்ணி குடிச்சுட்டு, ஞாபகம் இல்லாதவன் மாதிரி கேட்டேன். ஆமா செல்வகனி, உங்கக்கா எதை விரும்பிச் சாப்பிடுவான்னு.

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "காரமில்லாதது எதுன்னாலும் சாப்பிடும் அத்தான்" அப்படிங்கா.

என்ன சொல்லுதன்னேன். "அக்காவுக்குத்தான் சின்னதுலேர்ந்தே காரம் ஆகாதே. எங்க வீட்ல அதுக்குன்னு எங்கம்மா தனியா ஒரு சட்டியில குழம்பு வைக்கும். உங்களுக்குத் தெரியாதா?" தெரியாதாவாம். கேக்கிறத பாருங்க. எந்த அக்கா? எனக்கு முப்பத்தாறு வருஷம் முண்டு வத்தல் அரைச்சுக் குழம்பு வச்ச அக்காவா? பொய் சொல்லாதடின்னேன். பொண்ணு பாக்க வந்தப்ப ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "மிளகா மண்டிக்காரர் வீட்டுக்குக் காரம் ஆகாத பொண்ணுன்னு யாரு அத்தான் சொல்லுவாங்க? சொல்லாதன்னு எங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு" அப்படிங்கா.

எனக்கு நம்பிக்கை வரல. இவளுக்கு எப்பவும் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, கதை கட்டுவா. அப்ப உங்கக்கா எங்க வீட்ல என்னத்தச் சாப்பிட்டான்னு கேட்டேன். மீன் துண்டைக் குழம்புலேர்ந்து எடுத்து, தண்ணியில அலசிட்டுச் சாப்பிடுமாம். கறியையும் அப்படித்தானாம். இவ எங்க வீட்டுக்கு வந்தப்பல்லாம் பாத்திருக்காளாம். நான் பாத்ததில்லையே? எப்படிப் பாக்கிறது, நான் சாப்பிட்டுக் கையைத் துடைச்சுட்டு மண்டிக்குப் போனப்புறம்தான அவ சாப்பிடுவா.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வந்துச்சு தம்பி. குழம்பு கொதிக்கும்போது, மிளகாய் போடுறதுக்கு முன்னாடி, அவ ஒரு கிண்ணத்துல கொஞ்சம் பருப்பை எடுத்து அலமாரியில மூடி வைப்பா. தினமும் பாத்திருக்கேன். பூனைக்குன்னு நெனச்சுக்குவேன். எங்க வீட்ல பூனை கிடையாது. முப்பத்தாறு வருஷத்துல ஒருநாளும் கிடையாது.

அப்புறம் இருமல். அவளுக்கு எப்பப் பாத்தாலும் இருமல். வத்தல் வறுக்கும்போதெல்லாம் இருமிக்கிட்டே கிடப்பா. நான் கூடத்துலேர்ந்து சத்தம் போடுவேன், ஒரு டாக்டரைப் பாரேண்டின்னு. சளி உடம்புன்னு நெனச்சேன். வெத்தலை, துளசின்னு என்னென்னமோ வாங்கிக் குடுத்திருக்கேன். குடுக்காம இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கொழுந்தியா பட்டியல் எழுதச் சொன்னா, பால்சோறு, தேங்காப்பால், பருப்புன்னு அடுக்குறா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், எனக்கு வேற ஒண்ணு ஓடுது. மருமக வீட்ல, அந்த மேஜையில, ஒருநாள். அந்தச் செவப்புக் கோழிக்குழம்பு. என் சம்சாரம் கனி எதுத்தாப்புல உக்காந்திருக்கா. குழம்பைப் பாத்துப் பயந்து பயந்து ஒரு உருண்டையைத் தொட்டு வாயில வச்சா. அப்புறம் குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டா. முடிச்சுட்டு, "இன்னும் ஒரு கரண்டி போடும்மா" அப்படின்னா. சோறு இறங்காத மனுஷி, கேட்டு வாங்குறா. மருமக சந்தோசமா கரண்டியோட எந்திரிச்சா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்தக் காரங்கெட்ட குழம்பைக் கேட்டு வாங்குற அளவுக்கு நாக்கு செத்துப்போச்சா உனக்குன்னேன். தமாசுக்குத்தான். மகன் சிரிக்கல. கனி தட்டு மேல கையை விரிச்சு மூடிக்கிட்டா. "போதும்மா, வயிறு நெறைஞ்சுபோச்சு"ன்னா. மருமக அந்தக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அதுக்கப்புறம் என் சம்சாரம் மறு கரண்டி கேட்டதேயில்ல, ரெண்டு மாசத்துல போயிட்டா.

நல்லா யோசிச்சுப் பாருங்க. மருமகளுக்குப் பதில் தெரியும். அன்னிக்கு அந்தக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுக்கிட்டேதான் என்கிட்ட கேட்டிருக்கா. நான் வாயைத் திறந்து சொல்லணும்னு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீங்களா?

சொல்லிரலாம்னு வைங்க. அந்தக் குழம்பைத்தான் வையின்னு சொல்லணும். எதை வச்சுச் செய்வா? டப்பாவுலதான் நான் கைவரிசையைக் காட்டிட்டேனே. அடுத்த டப்பா எப்ப வருமோ. ராத்திரி படுத்துக் கிடந்தப்பத்தான் இது உறைச்சுது. உலகத்துல எம்பொண்டாட்டி வாய்க்கு ஒத்துவந்த ஒரே மிளகாயை நான் என் கையால கெடுத்து வச்சிருக்கேன்.

மறுநாள் காலையில மார்க்கெட்டுக்குப் போனேன். நான் ராஜாவா நடந்த தெரு. நம்ம பய ஒருத்தன் கடையில போயி, காரமில்லாத வத்தல் இருக்கான்னு கேட்டேன். அவன் காதுல சரியா விழலைன்னு நெனச்சு மறுபடியும் கேக்கான். கடையில இருந்தவனெல்லாம் திரும்பிப் பாக்கான். அண்ணாச்சி, உங்களுக்கா, உடம்புக்கு முடியலையாங்கான். ஆமாடா, டாக்டர் சொன்னாருன்னுட்டேன். கர்நாடகத்துலேர்ந்து வர்ற பேடகி வத்தல்னு ஒண்ணு உண்டு. சுருங்கிப்போய் சுருக்கம் சுருக்கமா கிடக்கும். நெறத்துக்குன்னே வாங்குவாங்க. என் மண்டிக்குள்ள அதை ஏத்துனதே இல்ல, அப்படி ஒரு இளக்காரம் எனக்கு. ரெண்டு கிலோ வாங்குனேன்.

அதுலயும் கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும். கொழுந்தியா வீட்டு முத்தத்துல உக்காந்தேன். கத்தியை எடுத்தேன். சம்பந்தியம்மா செஞ்ச மாதிரியே ஒவ்வொண்ணா கீறி, விதையைத் தட்டி, நரம்பை உரிச்சேன். நேத்துப் பூராவும் இதே வேலை. அந்தத் தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் பாத்துட்டுப் போறான், அண்ணாச்சிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனச்சிருப்பான். மில்லுல குடுத்தா முன்னாடி அரைச்சவன் காரம் ஒட்டிக்கும். கொழுந்தியா மிக்ஸியிலயும் அதே கதை. புது ஜார் வாங்கியாந்து அரைச்சேன். மூணு தடவை சலிச்சேன். அதுதான் இது. விரலைப் பாருங்க, நகக்கண்ணெல்லாம் செவப்பு.

அந்தம்மா தூளு மாதிரி வராது. எனக்குத் தெரியும். அது வாசமே வேற. அதைச் சொல்லத்தான் வேணும், நல்ல சரக்கு எதுன்னு கண்டா ஒத்துக்கணும். கோழிக்குழம்புல போட்டா நெறம் வரும், நாக்குல படாது. கனிக்கு அது போதும்.

மருமக கேப்பா, என்ன மாமா இதுன்னு. கடையில கிடைச்சதுன்னு சொல்லிட்டு வச்சுட்டுப் போயிரலாம்னுதான் பஸ் ஏறும்போது நெனச்சேன். யாருகிட்டயும் இதெல்லாம் சொல்லிப் பழக்கமில்ல தம்பி. இப்ப உங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பாத்துட்டேன், வாய் வரத்தான் செய்யுது. அவகிட்டயும் வந்துரும்.

ஞாயித்துக்கிழமை நானும் அந்த மேஜையில உக்காந்துதான் சாப்பிடுவேன். நல்லாவா இருக்கப்போகுது? இருக்காது. கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் பிடிங்க, தண்ணி குடிச்சுக்கிறேன். பாத்து, கீழ சிந்திராம. இலை போடும்போது மருமககிட்ட ஒண்ணு சொல்லணும், அதை மட்டும் மறந்துரக் கூடாது. கனி இலையில ரெண்டு கரண்டியா வைக்கச் சொல்லணும்.